பக்கம் 311

என் மேசைக்கு ‘ரன்’ வந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. அது என்னை விட்டுப் போனபோது முப்பத்தொன்று. ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் என்னதான் செய்தாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு அது புரியாது. வேலை பார்த்தவர்கள் கேட்கவே மாட்டார்கள்.

பதினொரு பெட்டி நிறையச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து எழுதி அனுப்பிய ஒரு வாக்கியம், கீழே புத்தகத்தின் பெயர், வருஷம், பக்க எண். அவற்றைப் படித்துப் படித்து, ஒரே பொருள் வருவதையெல்லாம் ஒரு குவியலாகச் சேர்க்க வேண்டும். மனிதன் ஓடுவது ஒன்று. ஆறு ஓடுவது, கடிகாரம் ஓடுவது, நாடகம் நூறு நாள் ஓடுவது, துவைத்த துணியில் சாயம் ஓடுவது, சளி பிடித்த மூக்கு ஓடுவது எல்லாம் தனித்தனி. கடையை நடத்துவதும் அதே சொல்தான், தேர்தலில் நிற்பதும் அதுதான், கோழிக்கு வேலி போட்ட அடைப்பும் அதுதான். மேசை போதாமல் தரைக்கு வந்தேன், தரை போதாமல் ஜன்னல் விளிம்புக்குப் போனேன். இருநூற்று எழுபது குவியல்கள். யாராவது கதவைத் திறந்தாலே இரண்டு கையையும் விரித்துக் குவியல்கள்மேல் கவிழ்வேன், காற்று வந்துவிடுமே என்று.

நரி வேட்டைக்காரர்களின் ‘ரன்’னுக்கு மட்டும் இருநூற்றுப் பதினாலு சீட்டுகள் இருந்தன. கிரிக்கெட்டுக்கு அதைவிட அதிகம். சீட்டாட்டத்துக்கு ஒரு தனிக் கட்டு. குதிரை வைத்திருந்தவர்களும் பொழுது போகாதவர்களும் எவ்வளவு எழுதித் தள்ளியிருக்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் எங்கள் தெருவின் ‘ரன்’னுக்கு ஒரு சீட்டுகூட இல்லை.

நான் வட இங்கிலாந்தின் ஆலை ஊரான பர்ன்லிக்காரி. அம்மா பஞ்சாலையில் தறி ஓட்டினாள். எங்கள் தெருவில் முப்பத்திரண்டு வீடு. ஒரு வீட்டில் யாராவது படுத்துவிட்டாலோ, பிரசவம் என்றாலோ, மற்ற வீடுகள் முறை வைத்து அந்த வீட்டுக்கு மதியச் சாப்பாட்டைப் பானையோடு கொண்டுபோய் வைக்கும். அதற்குப் பெயர் ‘ரன்’. “ஹோல்ட் வீட்டுக்கு ரன் போகுது, வியாழக்கிழமை நம்ம முறை” என்பாள் அம்மா. எனக்கு ஒன்பது வயதில் அப்பாவின் கால் தறிக்கட்டையில் நசுங்கியது. நாற்பத்தோரு நாள் எங்கள் வாசலில் பானை வந்து இறங்கியது. உருளைக்கிழங்கும் ஆட்டுக் கழுத்தும் போட்ட குழம்பு. ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை, வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு பொருளால்தான் நான் இன்று உயிரோடு இருக்கிறேன். அகராதியில் அது இல்லை என்றால் எனக்குக் கோபம் வராதா?

‘ரன்’ எனக்குக் கிடைத்த செய்தியை அம்மாவுக்கு எழுதியபோது அவள் பதில் ஒரே வரி: “நம்ம ரன்னையும் போட்டுடு கண்ணு.”

வாரக் கூட்டத்தில் அதைச் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த லாம்பர்ட் சிரித்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன், அப்பா நீதிபதி.

“எங்க வீட்டுச் சமையல்காரம்மாகூட இந்த மாதிரி நிறையச் சொல்லுவாங்க மிஸ் ஆஷ்வொர்த். வேணும்னா ஒரு நாள் கூட்டிட்டு வரவா?”

“கூட்டிட்டு வாங்க. உங்களவிட உருப்படியா எதாவது சொல்லுவாங்க” என்றேன்.

தலைமைப் பதிப்பாசிரியர் டாக்டர் கிரெஸ்வெல் கையை உயர்த்தி இருவரையும் அடக்கினார். கெட்ட மனிதர் அல்ல. விதி என்றால் விதி, அவ்வளவுதான். “நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா நம்ம இங்க நம்பிக்கைய அச்சடிக்கறதில்ல. அச்சுல வந்த ஒரு வாக்கியம் கொண்டாங்க. ஒண்ணே ஒண்ணு போதும்.”

நாலு மாதம் தேடினேன். தேவாலய இதழ்கள், பழைய நாளேடுகள், ஆலை அறிக்கைகள். அந்தப் பக்கத்து நூலகங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினேன். ஒன்றும் இல்லை. பானை தூக்கியவர்கள் புத்தகம் எழுதவில்லை, புத்தகம் எழுதியவர்கள் பானை தூக்கவில்லை. அச்சுக்குப் போக ஒன்பதே நாள் இருந்தபோது, ஒரு புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, பெட்டியின் அடியில் கிடந்த பழுப்பேறிய வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்தேன். கையெழுத்தை இடப்பக்கம் சாய்த்து எழுதினேன்.

ஜோசையா பர்ட்விசில் என்ற உதவிப் பாதிரியார் தன் நாற்பதாண்டு நினைவுகளை மூன்று தொகுதியாக எழுதியிருந்தார். பெயரை நூற்பட்டியலில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அந்த மாதிரிப் புத்தகத்தை எவனும் திறக்க மாட்டான் என்று தெரியும். இரண்டாம் தொகுதி, 1874, பக்கம் 311 என்று போட்டேன். மேலே வாக்கியம்: ‘நோயுற்ற வீட்டுக்கு இத்தெருப் பெண்கள் முறைவைத்து உணவு சுமந்து செல்வர், இதனை அவர்கள் ரன் என்பர்.’ எழுதி முடித்துச் சீட்டைப் பழைய கட்டு ஒன்றின் நடுவில் செருகினேன். பழைய கட்டுகள் என்றோ சரிபார்க்கப்பட்டவை, மறுபடி நூலகத்துக்குப் போகாது. நான் செய்த கணக்கு அதுதான்.

மறுநாள் ‘கண்டுபிடித்தேன்’. கிரெஸ்வெல்லுக்கு வாயெல்லாம் பல். “பாத்தீங்களா, தேடினா கிடைக்கும்! இந்தப் பாதிரியாருக்கு ஒரு சிலையே வைக்கலாம்.” லாம்பர்ட்கூட என் மேசைக்கு வந்து, “அன்னிக்குச் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க” என்றான். அவன் நல்லவனாகப் போனதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதோடு முடிந்திருக்கும், நான் ஒன்றை மறக்காமல் இருந்திருந்தால். கிரெஸ்வெல் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை படித்தார். “அழகான வாக்கியம். ஆனா இதுல பச்ச டிக் இல்லையே, எப்படி விட்டுப் போச்சு? டாப்ஸ்காட் ஒரு தடவ பாத்துடட்டும்” என்று சரிபார்ப்புத் தட்டில் போட்டுவிட்டார்.

டாப்ஸ்காட் எங்கள் சரிபார்ப்பாளர். அறுபதைத் தாண்டிய, ஓயாமல் புதினா மிட்டாய் சப்பும் மனிதர். தினமும் காலை பத்து மணிக்குச் சீட்டுக் கட்டோடு சைக்கிளில் பெரிய நூலகத்துக்குப் போவார், நாலு மணிக்குத் திரும்புவார். மூலப் புத்தகத்தை வரவழைத்து, வாக்கியமும் பக்கமும் சரியாக இருந்தால் பச்சைப் பென்சிலில் ஒரு டிக். அந்த டிக் விழாமல் எங்கள் அகராதியில் ஒரு காற்புள்ளிகூட ஏறாது. என் சீட்டு திங்கட்கிழமைக் கட்டில் போனது. வியாழன் திரும்பும். வெள்ளி நண்பகல் அச்சகத்துப் பை போய்விடும்.

திங்கள் முழுவதும் எனக்குக் கை ஓடவில்லை. அவர் தொகுதியைக் கேட்பார், புரட்டுவார், இருக்காது. திரும்பி வருவார். கிரெஸ்வெல் என்னைக் கூப்பிடுவார். வேலை போவது இருக்கட்டும், வேறு வேலை தேடிக்கொள்ளலாம். “ஆஷ்வொர்த் இட்டுக்கட்டினாள்” என்ற பேச்சு போகாது. பஞ்சாலைப் பெண்ணை உள்ளே விட்டால் இதுதான் நடக்கும் என்று இன்னும் பத்து வருஷத்துக்குச் சொல்வார்கள். எனக்குப் பின்னால் வர இருப்பவளுக்கும் சேர்த்து நான் கதவைச் சாத்திவிட்டேன்.

செவ்வாய் மதியம் தாங்க முடியாமல் நூலகத்துக்கே ஓடினேன். இரண்டாம் தொகுதி தொலைந்துபோயிருந்தால் நல்லது, எலி தின்றிருந்தால் இன்னும் நல்லது. புத்தகம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, டாப்ஸ்காட் எந்த மேசையில் இருக்கிறாரோ என்று தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எங்கேயும் காணோம். முக்கால் மணி நேரம் கழித்துப் புத்தகம் வந்தது. கூடவே உதவியாளர் ஒரு காகிதக் கத்தியையும் வைத்தார்.

“பக்கமெல்லாம் இன்னும் வெட்டவே இல்லம்மா. அச்சடிச்சு வந்ததிலேர்ந்து நீங்கதான் முதல் ஆளு.”

தாள்கள் மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டே இருந்தன. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். 296. அந்தத் தொகுதியில் 311 என்ற பக்கமே கிடையாது. கத்தியைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தேன். உதவியாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

புதன்கிழமை கிரெஸ்வெல் அறை வாசல் வரை போனேன். உள்ளே தொலைபேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சிரிக்கும் மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டேன். இதெல்லாம் சாக்கு என்று எனக்கே தெரியும்.

வியாழன் நாலு மணிக்குக் கட்டு வந்தது. கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தேன். என் சீட்டு ஏழாவதாக இருந்தது. பக்கம் 311 என்ற எண்ணின் பக்கத்தில் பச்சை டிக்.

உயிர் வந்தது. தேநீர் வண்டியிலிருந்து இரண்டு பன் எடுத்துத் தின்றேன். மனிதர் பார்த்திருக்கிறார், புரிந்துகொண்டிருக்கிறார், என்மேல் இரக்கப்பட்டு டிக் போட்டிருக்கிறார். இத்தனை நாளில் அவரோடு நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கண்ணில் நீர் முட்டியது. நன்றி சொல்லாமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஐந்தரைக்குச் சைக்கிள் கொட்டகையில் அவரைப் பிடித்தேன்.

“மிஸ்டர் டாப்ஸ்காட், நீங்க செஞ்சதுக்கு ரொம்ப நன்றி.”

“நான் என்னம்மா செஞ்சேன்?” மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினார்.

“அந்த பர்ட்விசில்…”

“யாரு அவரு? புதுசா வந்திருக்காரா?”

அவர் விளையாடவில்லை. முகத்தில் கள்ளம் இல்லை. அப்போதுதான் சைக்கிள் தண்டோடு சேர்த்துக் கட்டி, மழைக்கோட்டால் மூடியிருந்ததைப் பார்த்தேன். தூண்டில் கழி. சக்கரத்தில் ஈரச்சேறு, அதில் ஒட்டிக்கொண்டிருந்தது கால்வாய்க்கரைப் புல். நூலகத்துக்குப் போகிற வழியில் கால்வாய் கிடையாது.

“நீங்க நூலகத்துக்கே போறதில்ல” என்றேன்.

கழியின்மேல் மழைக்கோட்டை இழுத்து விட்டார். பிறகு கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“பதினாலு வருஷம் ஒழுங்காத்தான் போனேம்மா. ஒவ்வொரு புத்தகமும் தூக்கிப் பாத்தேன். ஒரு பய ஒரு நாள் நல்லாப் பண்ணினேன்னு சொன்னதில்ல. தப்புன்னு கண்டுபிடிச்சதெல்லாம் ஒரு எழுத்து, அரை எழுத்து. ஒரு நாள் செம மழை, போகல. டிக் போட்டுக் குடுத்தேன். வானம் இடிஞ்சு விழல.”

“எத்தன நாளா?”

“அஞ்சு வருஷம் இருக்கும்.”

வாரம் நூறு சீட்டு. ஐந்து வருஷத்தில் நாலு தொகுதி வெளிவந்து உலகம் முழுக்கப் போயிருந்தது. நீதிமன்றங்களில், பள்ளிக்கூடங்களில் அதைத்தான் திறந்து பார்க்கிறார்கள்.

“எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?” குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

“அது இருக்கட்டும், நீ எப்படிக் கண்டுபிடிச்ச?” என்றார். கேட்டுவிட்டு அவரே நிதானமாக யோசித்தார். “ஓ. அப்படியா சங்கதி. அந்தச் சீட்டு நீ எழுதினதா?”

நான் சக்கரத்துச் சேற்றையே பார்த்தேன்.

“பாரும்மா. நீ என்னைச் சொல்லணும்னா உன்னையும் சொல்லணும். நான் சொல்லமாட்டேன், உன் இஷ்டம்.” மிட்டாய்ப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். மிரட்டுகிற மனிதர் மிட்டாய் நீட்டினால் கோபமாவது வரும். அவர் உண்மையிலேயே எனக்காகப் பரிதாபப்பட்டார்.

வெள்ளி காலை ஒன்பதுக்கு கிரெஸ்வெல் அறைக்குள் போய், உட்காராமலே சொன்னேன். “அந்த பர்ட்விசில் சீட்டு பொய் சார். நான்தான் எழுதினேன். எடுத்துடுங்க.”

அவர் தட்டிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். “டாப்ஸ்காட் டிக் போட்டிருக்காரே?”

“ஆமா.”

“அப்ப இருக்குன்னுதானே அர்த்தம். நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. ரெண்டு வருஷம் ஒரே வார்த்தை, யாருக்குமே மண்டை குழம்பும். போன தடவ ‘மேக்’ங்கற வார்த்தையப் பண்ணினவர் ரயில் நிலையத்துல அழுதாரு. ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க.”

“சார், நான் பொய் சொன்னேன்னு உண்மையச் சொல்லிட்டிருக்கேன்!”

“அதுக்கு என்ன ஆதாரம்?” என்றார். கேலி அல்ல. அந்த மனிதருக்கு அப்படித்தான் கேட்கத் தெரியும்.

“அந்தத் தொகுதியில 296 பக்கம்தான் சார். பக்கம்கூட இன்னும் வெட்டல. யாரும் திறந்து பாக்கல. எவருமே.”

அவர் கை நின்றது. சீட்டைப் பார்த்தார். பிறகு மெல்ல, எதிர்ச்சுவர் அலமாரியைப் பார்த்தார். கரும்பச்சைத் துணி அட்டை போட்ட தொகுதிகள் வரிசையாக நின்றன. கடைசி நாலு இன்னும் புதுப் பளபளப்போடு இருந்தன. அவர் முகம் வெளுப்பதை நான் நேரில் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டார்.

“கதவச் சாத்துங்க.”

சாத்தினேன்.

“இத எடுத்தா ஏன் எடுத்தோம்னு குறிப்பு எழுதணும். டாப்ஸ்காட் பேர எழுதணும். அவர் பேர எழுதினா…” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். “நாப்பது பேரு நாப்பது வருஷமா செஞ்ச வேலை மிஸ் ஆஷ்வொர்த்.”

“அதனாலதான் சொல்றேன்.”

“தெரியுது.” என் சீட்டைத் தாள்களோடு சேர்த்து அச்சகத்துப் பையில் வைத்து வாரை இறுக்கினார். “திங்கக்கிழமையிலேர்ந்து நூலகத்துக்கு நீங்க போறீங்க. புதுச் சீட்டு, பழைய சீட்டு, அஞ்சு வருஷத்துதும். தப்பு இருந்தா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. அடுத்த பதிப்புல சத்தமில்லாம திருத்திக்கலாம். டாப்ஸ்காட்டுக்கு உடம்பு சரியில்ல, ஓய்வுல போறாரு.”

“என்னோட சீட்டு?”

“அதுவும் அடுத்த பதிப்புலதான்.”

“அது எப்ப சார்?”

“நம்ம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்.”

சொற்களைப் பிரிக்கும் வேலை அன்றோடு எனக்குப் போனது. லாம்பர்ட் என் மேசைக்கு வந்தான். நான் தினமும் பத்து மணிக்குச் சைக்கிளில் நூலகம் போய், பச்சைப் பென்சிலோடு உட்கார்ந்தேன். நூற்றுக்கு நாலு சீட்டு தப்பாக வந்தது. ஒவ்வொரு தப்பையும் ஒரு நோட்டில் எழுதினேன். நோட்டு நிரம்ப நிரம்ப எனக்குச் சாப்பாடு இறங்குவது குறைந்தது.

அடுத்த வருஷம் மே மாதம் எங்கள் தொகுதி வெளிவந்தது. அம்மாவுக்கு நான் எழுதவில்லை. ஜூலையில் எங்கள் ஊர் ஆலைகளெல்லாம் ஒரு வாரம் மூடும், ஊரே கடற்கரைக்குப் போகும். அம்மா கடற்கரைக்குப் போகாமல் என்னைப் பார்க்க வந்தாள். ரயிலிலிருந்து இறங்கும்போதே முகம் ஜொலித்தது. தலையில் கல்யாணத்துக்குப் போடுகிற தொப்பி.

“அடியே, அமுக்குணி! ஒரு வார்த்த சொல்லல பாரு நீ. எங்க ஊரு லைப்ரரியில வந்திருச்சுடி. நானே போயிப் பாத்தேன். தெருவே போயிப் பாத்துச்சு.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அகராதியின் அந்தப் பதிவைப் பார்த்துப் பென்சிலில் எழுதி வந்திருந்தாள். எங்கள் ‘ரன்’, அதன் பொருள், கீழே பர்ட்விசில், 1874, தொகுதி இரண்டு, பக்கம் 311.

“யாருடி இந்த மனுஷன்? நம்ம தெருவுல எங்க குடியிருந்தாரு?”

“தெரியலம்மா.”

“உனக்குத் தெரியல, ஹோல்ட் வீட்டு ஆக்னஸுக்குத் தெரியுது. அவளோட அம்மா சின்னப் புள்ளையா இருக்கும்போது பாத்திருக்காங்களாம். ஒல்லியா, நீளத் தாடியோட இருப்பாராம். ஒரு தடவ காய்ச்சல்ல படுத்தப்போ இவங்க வீட்டுலேர்ந்துதான் அவருக்கே ரன் போச்சாம். அதான் நன்றியோட எழுதியிருக்காருங்கறா. நாலாவது வீட்டு எல்சி அதெல்லாம் இல்ல, எங்க வீட்டுப் பானைதான் முதல்ல போச்சுன்னு ஒரே சண்ட.”

ரயில் மேடையில் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இப்போதே சொல்லிவிட வேண்டும், தெருவில் தாடி இன்னும் நீளமாவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தறி நூல் அறுத்துக் காய்த்துப் போன விரல்கள்.

“உங்கப்பா படுத்திருந்தப்ப நாப்பத்தோரு நாளு வந்துச்சே, அது யாருக்குத் தெரியும்னு நெனச்சுக்குவேன். நம்மளோட மண்ணுக்குள்ள போயிரும்னு. படிச்ச மனுஷன் ஒருத்தராவது கண்ணால பாத்து எழுதி வச்சிருக்காரு பாரு. எனக்கு அது போதும்டி.”

“ஆமாம்மா” என்றேன். “பாத்துதான் எழுதியிருக்காரு.”